படுத்த நிலையில் வீக்கம் இல்லை

ஆஸ்பத்திரியை டாக்டர்கள் நடத்துகிறார்கள் என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் ஆஸ்பத்திரிக்கு எதிரே கடை வைத்துப் பார்க்க வேண்டும். நான் பன்னிரண்டு வருஷமாக வைத்திருக்கிறேன். கோவில்பட்டியில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் இடது கைப்பக்கம் ‘காசிராஜன் ஜெராக்ஸ், ஆன்லைன் சேவை’ என்று போர்டு தெரியும். எதிரே மூன்று மாடிக்குக் கண்ணாடி ஒட்டி நிற்பது ஆஸ்பத்திரி. அங்கே கத்தி எடுக்குமுன் இங்கே பேப்பர் எடுக்க வேண்டும். பேப்பர் சரியில்லை என்றால் கத்தி வெளியே வராது. இந்த ஒழுங்குக்கு முழுநலக் காப்பீட்டுத் திட்டம் என்று பெயர்.

சுடலைமணி மாசிக் கடைசியில் என் கடைக்கு வந்தார். எட்டயபுரத்துக்குக் கிழக்கே ஊர். நூற்றிருபது செம்மறி வைத்திருந்தார். அறுப்பு முடிந்த கரிசல் காட்டில் கிடை போடுவது தொழில். இன்று ஒருவர் நிலத்தில் வலை கட்டி ஆடுகளை அடைப்பார், நாளை அடுத்தவர் நிலம். புழுக்கை நிலத்துக்கு உரம். மாசி பிறந்தால் ஆடி வரை வீட்டில் தங்க மாட்டார்.

“அண்ணாச்சி, ஆதார் நாலு காப்பி, ரேசன் கார்டு நாலு காப்பி, இந்தச் சீட்டும் நாலு காப்பி வேணுமாம்.”

“எதுக்குவே இத்தனை?”

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “குடலெறக்கம். வலது கவட்டையில. போன வருசம் எலுமிச்சங்கா அளவு இருந்துச்சு, இப்ப மாங்கா ஆயிட்டு. நின்னா எறங்குது, படுத்தா தானா உள்ள போயிருது. குட்டியத் தூக்குனா உசுரு போகுது.”

டாக்டர் மாதவன் அவருக்குப் படம் போட்டு விளக்கியிருந்தார். வயிற்றுச் சுவர் ஒரு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. அந்த வழியாகக் குடல் வெளியே வருகிறது. மூன்று சின்னத் துளை போட்டு, ஒன்றில் கேமராவும் இரண்டில் கருவியும் விட்டு, உள்ளே ஒரு வலையை விரித்து அந்த இடத்தை அடைத்துவிடலாம். மறுநாள் வீட்டுக்குப் போகலாம். ஆனால் தள்ளிப் போடக் கூடாது. ஒரு நாள் குடல் வெளியே வந்து சிக்கிக்கொண்டு உள்ளே போகாமல் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சுடலைமணிக்கு இதெல்லாம் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. “கெட வலையில ஓட்ட விழுந்தா குட்டி வெளிய போவும்லா, அதேதான். மேல ஒரு துண்டு வலையப் போட்டு எறுக்கிக் கட்டுனா தீந்துச்சு. இதுல என்ன இருக்கு?” என்றார்.

அதில் ஒன்றும் இல்லைதான். ஆனால் அனுமதி வர வேண்டும். அனுமதி சென்னையில் ஒரு கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடமிருந்து வரும். அவரை இதுவரை கண்டவர் கிடையாது.

அனுமதிக்கு ஒரு போட்டோ வேண்டும். திட்டத்தின் பதினான்காம் விதி சொல்கிறது: பயனாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும், முகமும் நோயுற்ற பாகமும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். விதியை எழுதிய புண்ணியவான் உடைந்த காலையும் வெந்த கையையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறார். படுத்தால் ஒளிந்துகொள்கிற நோய் ஒன்று உலகத்தில் உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு போட்டோ கேட்டிருப்பார்.

ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக் கவுண்டரில் இருப்பது சத்யபிரியா. நல்ல பிள்ளை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு அந்த ஸ்டூலுக்கு வந்து சேர்ந்தவள். விதிப்படி சுடலைமணியைப் படுக்க வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். எட்டாம் நாள் பதில் வந்தது.

“படுத்த நிலையில் வீக்கம் இல்லை. பயனாளி நலமாக உள்ளார். வாழ்த்துகள்.”

அந்தக் காகிதத்தை நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். வாழ்த்துகள் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கூடவே ஒரு பூங்கொத்துப் படம்.

அடுத்து நிற்க வைத்து எடுத்து அனுப்பினாள். அதில் நோய் ஊர் தெரியத் தெரிந்தது. அதற்குப் பதில் ஆறு நாளில் வந்தது. நின்ற நிலைப் படம் ஏற்கத்தக்கதல்ல. நிற்க முடிந்த பயனாளி ஏன் படுக்க மறுக்கிறார் என்பதற்கு விளக்கம் தேவை.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு பெட்ஷீட்டை ஆணியடித்துத் தொங்கவிட்டு, சுடலைமணியின் தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தலையணையைச் செருகி, நிற்க வைத்துப் படம் எடுத்தோம். என் கடைக் கம்ப்யூட்டரில் அதைத் திருப்பிப் போட்டேன். சுடலைமணி ராஜா மாதிரி மல்லாந்து படுத்திருந்தார். வீக்கம் கும்மென்று இருந்தது. சத்யபிரியாவே ஒரு நிமிஷம் ஏமாந்தாள்.

சென்னை ஏமாறவில்லை. “பயனாளியின் தோள் துண்டு கால் பக்கமாகத் தொங்குகிறது. படுத்திருப்பவரின் துண்டு தரையை நோக்கித் தொங்க வேண்டும். காற்று காரணமா?”

ஆமாம், மின்விசிறிக் காற்று என்று சத்யபிரியா பதில் எழுதினாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கே நோட்டீஸ் வந்துவிட்டது. பரிசோதனை அறையில் மின்விசிறி இருப்பது தொற்றுத் தடுப்பு விதிக்கு முரணானது. உடனே அகற்றி, அகற்றிய இடத்தைப் படம் எடுத்து அனுப்பவும். அகற்றினார்கள். சித்திரை வெயிலில் அந்த அறையில் பிள்ளைத்தாய்ச்சிகள் சீட்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு நானும் ஒரு காரணம். சுடலைமணியின் கோப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இப்போது சுடலைமணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மரியாதைக்குப் பேர் போனவர். பஸ் கண்டக்டர் பேரன் வயதுக்காரனாக இருந்தாலும் அய்யா என்பார். பெரிய மனிதரைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டி தானாக இறங்கிவிடும். அவர் வாயில் ‘லே’ வருவது கிடாயிடம் மட்டும்தான். அதுவும் கிடாய் முட்ட வந்தால்.

இப்படிப்பட்டவரை நேரில் விசாரிக்க மாவட்ட ஒருங்கிணைப்பாளர் ஹரிகிருஷ்ணன் வருவதாகத் தகவல் வந்தது. விசாரணை ரேஷன் கார்டில் உள்ள முகவரியில்தான் நடக்கும். முதல் தடவை அவர் வந்தபோது கிடை குளத்தூர் பக்கம் கிடந்தது. வீடு பூட்டியிருந்தது. ஹரிகிருஷ்ணன் அங்கிருந்து திரும்பும் வழியில் என் கடையில் உட்கார்ந்து அறிக்கை அடித்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

“நோயாளி வீட்டில் இல்லை. வீட்டில் இல்லாதவர் எப்படி நோயாளியாக இருக்க முடியும்?” என்று என்னைக் கேட்டார்.

“ஆடு மேய்க்காட்டா கஞ்சி கெடையாதே சார்.”

“அதைத்தான் நானும் சொல்கிறேன். மேய்க்க முடிகிறது. ஆக, தேக ஆரோக்கியம் உள்ளது.” டீயை ஊதினார். “நீங்கள் படித்தவர், உங்களுக்குப் புரியும். இந்தத் திட்டத்தின் ஆன்மா என்ன? நோய் நீங்க வேண்டும். இது படுத்தாலே நீங்குகிற நோய். அப்படியிருக்க, ஒரு ஏழையின் உடம்பில் எதற்காக மூன்று துளை? இந்த ஆண்டு நம் மாவட்டத்தில் இருநூற்றுப் பதினாறு குடலிறக்கங்களைப் படுக்க வைத்தே குணப்படுத்தியிருக்கிறோம். கத்தியில்லை, ரத்தமில்லை. மாநிலத்திலேயே நாம்தான் முதல்.”

அந்த இருநூற்றுப் பதினாறு பேரும் எழுந்த பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டேன். எழுந்த பிறகு நடப்பது திட்டத்தின் வரம்புக்குள் வராது என்றார்.

இரண்டாம் தடவை அவர் வந்தபோது சுடலைமணி கிடையை மனைவி வெள்ளைத்தாயிடம் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து காத்திருந்தார். நானும் போயிருந்தேன். என்ன நடக்கும் என்று தெரிந்துதான் போனேன். ஹரிகிருஷ்ணன் ஜீப்பிலிருந்து இறங்கியதும் சுடலைமணி சுவர்ப் பக்கம் திரும்பினார். குடலை உள்ளே தள்ளினார். துண்டை இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். வேட்டியை இறக்கிவிட்டுக் கைகூப்பி நின்றார்.

“நில்லுங்கள். இருமுங்கள்,” என்றார் ஹரிகிருஷ்ணன்.

ஆயிரம் விதி வைத்திருந்தாலும் அந்த ஒன்று சரியான சோதனை. இருமினால் குடல் துள்ளிக்கொண்டு வெளியே வரும். சுடலைமணி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொரு கையால் கவட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் கோயில் கருவறை முன்னால் இருமுகிறவர் மாதிரி மெல்ல ஒரு இருமல்.

“நின்ற நிலையிலும் வீக்கம் இல்லை,” என்று எழுதிக்கொண்டு ஜீப் கிளம்பிவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “அத ஏன்வே உள்ள தள்ளுனீரு? காட்டுறதுக்குத்தான அவரு வந்தாரு?”

“என்ன அண்ணாச்சி பேசுதீங்க. ஆபீசரு முன்னால அதத் தொங்கப் போட்டுக்கிட்டா நிக்கச் சொல்லுதீங்க? அவிய என்ன நெனப்பாவ?”

அவிய ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்கிற பிரிவு அந்த ஆபீசில் கிடையாது. இதை அவருக்கு எப்படிச் சொல்வது?

வைகாசி பத்தாம் தேதி மதியம். ஒரு கிடாய் வாய்க்கால் பள்ளத்தில் விழுந்துவிட்டது. சுடலைமணி கொம்பைப் பிடித்து இழுத்தார். கிடாய் மேலே வந்துவிட்டது, குடல் கீழே இறங்கிவிட்டது. இந்தத் தடவை படுத்தும் உள்ளே போகவில்லை. தள்ளியும் போகவில்லை. வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டார். வெள்ளைத்தாய் ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்து, கிடை வலையைச் சுருட்டி அவர் தலைக்குக் கொடுத்து, மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து இறக்கினாள். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

கட்டிலில் மல்லாந்து கிடந்தார். கவட்டையில் வீக்கம் கல்லாக நின்றது. தோல் சிவந்து மினுங்கியது. சத்யபிரியா ஓடி வந்து பார்த்தாள். “அண்ணே, படுத்தும் தெரியுது!” என்றாள். அவள் முகத்தில் ஒரு நிமிஷம் சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு படம் எடுத்தாள். முகமும் நோயுற்ற பாகமும் ஒரே படத்தில் விழுந்தன. வலியில் பல்லைக் கடித்திருந்ததால் சிரிப்பது போலவே இருந்தது.

பதினொரு நிமிஷத்தில் அனுமதி வந்துவிட்டது. திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு சீக்கிரம் எதற்கும் வந்ததில்லையாம். மூன்று துளை, ஒரு வலை, அறுவை சிகிச்சை தேதி ஆனி பத்தொன்பது.

டாக்டர் மாதவன் கையை வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. “இப்ப மூணு துளையும் வலையும் வேலைக்கு ஆகாது. குடலுக்கு ரத்த ஓட்டம் நின்னுட்டு இருக்கு. உடனே திறந்தாகணும்” என்றார்.

“தொறங்க அய்யா,” என்றாள் வெள்ளைத்தாய்.

திறப்பதற்குத் திட்டத்தில் வேறு கோடு நம்பராம். அனுமதி வந்திருப்பது துளைக்கு. ஒரே ஆளுக்கு ஒரே உறுப்பில் இரண்டு அனுமதி கிடையாது. வந்ததை ரத்து செய்தால்தான் புதிது கேட்க முடியும். சத்யபிரியா ஹரிகிருஷ்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ரத்து செய்வது சுலபம்,” என்றார் ஹரிகிருஷ்ணன் உற்சாகமாக. “விதி இருபத்தேழு. பயனாளி தாமாகவே ரத்து செய்கிறார் என்பதற்கு அடையாளமாக, விண்ணப்பத்தைக் கையில் பிடித்தபடி ஒரு படம் வேண்டும். நின்ற நிலையில்.”

வெள்ளைத்தாய் போனை வாங்கினாள். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“அய்யா, நீங்க படுக்கச் சொன்னிய, படுத்தாவ. நிக்கச் சொன்னிய, நின்னாவ. இருமச் சொன்னிய, இருமுனாவ. இப்ப அவியளால ஒண்ணும் முடியல. சுருண்டு கெடக்காவ. சுருண்டு கெடக்கவங்களுக்கு ஒரு விதி வச்சிருக்கியளா?”

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஹரிகிருஷ்ணன், “அப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று பார்க்கிறேன், லைனிலேயே இருங்கள்” என்றார். போனில் திட்டத்தின் பாட்டு ஓட ஆரம்பித்தது. நோயில்லா வாழ்வு, நொடியில் சேவை என்று ஒரு குழந்தை பாடியது. அந்தப் பாட்டை நாங்கள் நாலு தடவை கேட்டோம்.

மாதவன் கெட்டிக்கார டாக்டர். அந்தக் கை எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த கை. அன்றைக்கு அது ஒரு சீட்டு எழுதத்தான் பயன்பட்டது. “அனுமதியில்லாம தியேட்டரைத் திறந்தா நிர்வாகம் என்னைக் கேக்கும். திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க. நிக்காதீங்க” என்றார். ஒரு ஊசியைப் போட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் எங்கே என்று கேட்டார். ஆம்புலன்ஸ் அனுமதிக்கு வேறு படிவம் இருந்தது. வெள்ளைத்தாய் அதற்குள் புருஷனை லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். நானும் ஏறிக்கொண்டேன்.

பெரியாஸ்பத்திரியில் தூக்கம் இல்லாத கண்ணோடு ஒரு சின்ன டாக்டர் வந்தார். வெள்ளைத்தாய் போட்டோக் கட்டை அவரிடம் நீட்டினாள். நின்றது, படுத்தது, திருப்பிப் போட்டது, எல்லாம் அதில் இருந்தது. “இதெல்லாம் எதுக்கும்மா?” என்று அவர் அதை ஒதுக்கிவிட்டு வயிற்றில் கையை வைத்தார். அவ்வளவுதான். கட்டிலை உருட்டிக்கொண்டு ஓடினார்கள்.

ஒன்றரை முழம் குடல் அழுகிவிட்டதாம். வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார்கள். சீழ் பிடிக்கும் என்பதால் வலை வைக்கவில்லை. நெஞ்சுக்குழிக்குக் கீழே ஆரம்பித்து அடிவயிறு வரை ஒரே கோடாகத் தையல். இருபத்திரண்டு நாள் அங்கேயே கிடந்தார். பிழைத்துவிட்டார். கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். குட்டியைத் தூக்க முடியாத ஆள் கிடை போட முடியாது. ஆடுகளில் பாதியை விற்றுவிட்டு மீதியை மச்சினன் கிடையோடு சேர்த்துவிட்டார். அவர் வலை வீட்டு ஆணியில் தொங்குகிறது. தையல் ஓரம் புடைத்தால் வலை வைத்துத்தான் ஆக வேண்டும், அதற்குத் திட்டத்தின் அனுமதியோடு மறுபடி வர வேண்டும் என்று அந்தச் சின்ன டாக்டர் சொல்லியிருந்தார். ஆவணியிலேயே புடைக்க ஆரம்பித்துவிட்டது.

கொடுமை என்னவென்றால், திட்டத்தின் கணக்கில் சுடலைமணி ஒரு சாதனை. அனுமதி கொடுத்தாயிற்று. அறுவை நடக்கவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறார். இப்படி ஒரு கோப்பு மாவட்டத்தில் வேறு கிடையாது. புரட்டாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயனாளிகள் விழா வைத்து, அவருக்குப் பொன்னாடை என்று அறிவித்தார்கள். அழைப்பிதழ் என் கடையில்தான் அச்சானது.

“போகாதீரும்வே,” என்றேன்.

“போகாம? இந்தப் பொடப்புக்கு வலை வைக்கணும்லா அண்ணாச்சி. விழாவுக்கு வந்தா அடுத்த அனுமதி சீக்கிரம் வரும்னு கவுண்டர் பாப்பா சொல்லுச்சு.” சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மேடையில் ஹரிகிருஷ்ணன் மைக்கைப் பிடித்தார். “இந்த மனிதரைப் பாருங்கள். அனுமதி கிடைத்தும் அதைப் பயன்படுத்தாத பெருந்தன்மை! திட்டத்தின் வலை ஒன்றை மிச்சப்படுத்தி, இன்னொரு ஏழைக்கு விட்டுக்கொடுத்தவர். எல்லாப் பயனாளிகளும் இவரைப் போல் இருந்தால் இந்தத் திட்டம் ஒருவருக்குமே செலவழிக்காமல் என்றென்றும் வாழும்.” முன் வரிசை கை தட்டியது. என் பக்கத்தில் வெள்ளைத்தாய் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பொன்னாடை போர்த்தினார்கள். அப்புறம் இரண்டு பேர் ஒரு கட்டிலை மேடைக்குத் தூக்கி வந்தார்கள். வெள்ளை விரிப்பும் தலையணையும் இருந்தன. கோப்பை முடிக்க விதி பதினான்கின்படி ஒரு கடைசிப் படம் வேண்டுமாம். படுத்த நிலையில், வீக்கம் இல்லாமல்.

சுடலைமணி கட்டிலைப் பார்த்தார். பொன்னாடையை எடுத்துத் தலையணை மேல் வைத்தார். குனிந்து வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு ஆபீசர் முன்னால் அவர் வேட்டியை மடித்துக் கட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். சட்டைப் பொத்தானைக் கழற்றி இரண்டு பக்கமும் விலக்கினார். முன் வரிசையில் கை தட்டல் நின்றது.

அவர் இருமினார். வாயைப் பொத்தவில்லை. கீழேயும் கை வைக்கவில்லை. நெஞ்சிலிருந்து எடுத்து, காட்டில் கிடையையே எழுப்புகிற இருமல். தையலின் அடியில் வயிறு பிதுங்கி ஒரு தேங்காய் அளவுக்கு வெளியே வந்து நின்றது. பின் வரிசையில் ஒரு பெண் சேலையால் வாயை மூடிக்கொண்டாள்.

“எடுங்க. நல்லா எடுத்துக்கிடுங்க,” என்றார் சுடலைமணி.

போட்டோகிராபர் ஹரிகிருஷ்ணனைப் பார்த்தான். ஹரிகிருஷ்ணன் அந்த வயிற்றைப் பார்த்தார், கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்த பிறகு அவருக்கு நிம்மதி வந்துவிட்டது. மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு ரொம்பக் கனிவாகச் சொன்னார்.

“ஒன்றும் கவலைப்படாதீர்கள். இதற்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம், நானே முன்னின்று அனுமதி வாங்கித் தருகிறேன். இப்போது கொஞ்சம் படுங்கள். படுத்தால் உள்ளே போய்விடும்.”

அடுத்த அனுமதி அந்தக் கட்டிலில்தான் இருந்தது. சுடலைமணிக்கு அது தெரியும். வெள்ளைத்தாயைத் திரும்பிப் பார்த்தார். அவள் கட்டிய கையை எடுக்கவில்லை.

“நீ படுலே,” என்றார் சுடலைமணி.

மைக்கை யாரும் அணைக்கவில்லை. வாசலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் அது மெயின் ரோடு வரை கேட்டதாக என் கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.